டீசலில் நனைந்த வேர்க்கட்டு

சம்மணம் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. வலது கால் மரத்துப்போய், அது என்னுடையதுதானா என்றே சந்தேகமாக இருந்தது. பாயின் ஓரத்தில் கோத்திருந்த சிவப்புக் கம்பளிக் குஞ்சங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தப் பயம்.

பாயின் நடுவில் நான் வைத்த கட்டு கிடந்தது. செய்தித்தாளில் சுற்றிய யங்கோனா வேர், இடித்துக் கரைத்துக் குடித்தால் இலேசாகக் கிறங்க வைப்பது. லவுட்டோகா மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கியது. பூர்வகுடி ஃபிஜியர்களின் மலைக் கிராமத்துக்குள் வெளியாள் வந்தால் முதலில் இந்த வேரை வைத்து அனுமதி கேட்க வேண்டும். செவுசெவு என்று பெயர். அவர்கள் அதைக் கையில் எடுத்து, ஏற்றுக்கொண்டோம் என்று கை தட்டினால் நாம் அந்த ஊருக்கு வந்தவர்கள். எடுக்காமல் விட்ட கதை எதுவும் நான் கேட்டதில்லை. ஆனால் நடக்காத கதைகளை நினைத்துப் பயப்படுவதுதானே எனக்கு முழுநேர வேலை.

ஊர்ப் பெரியவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்காகப் பேசுகிறவர் சேமி. ஆறடிக்கு மேல் உயரம், பஞ்சு போல நரைத்த தலை. அவர்தான் முன்னால் நகர்ந்து வந்து கட்டை எடுத்தார். முகத்துக்கு நேரே தூக்கினார். அவர் மூக்கு ஒரு தடவை சுருங்கியது.

செய்தித்தாள் ஈரமாக இருந்தது. அவருடைய கட்டைவிரலில் அச்சு மை கறுப்பாக ஒட்டியிருந்தது.

எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி கமலா முதுகில் விரலால் குத்தினாள்.

“ஏங்க, டீசல் நாறுதுங்க.”

எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. ஏழெட்டு மாதமாக டீசலில் கை கழுவி டீசலில் முகம் துடைத்தவனுக்கு டீசல் எப்படி நாறும்?

அந்த ஊரின் வழியாகத்தான் மலைப்பாதை போகிறது. அவர்கள் விட்டால் என் வண்டிக்குப் பிழைப்பு உண்டு. வண்டிக்குப் பிழைப்பு இருந்தால் நாங்கள் ஃபிஜியில் இருப்போம். இல்லாவிட்டால் ஆக்லாந்து. அவ்வளவும் அந்த ஈரக் கட்டுக்குள் இருந்தது.

விற்கிறவர்களின் முற்றம்

ட்ராசாவில் அப்பா காலத்திலிருந்து கரும்பு போட்ட நிலத்தின் குத்தகை முடிந்து, அதை ஒப்படைத்துவிட்டு வந்ததைப் போன வாரம் எழுதினேன். வீடும் நாலு மாமரமும் மிஞ்சின. அந்த வருஷம்தான் தலைநகர் சுவாவில் பார்லிமெண்டுக்குள் துப்பாக்கியோடு புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரையும் மற்றவர்களையும் பிடித்து வைத்தார்கள்.

அதற்கு முன்பு ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது எனக்குக் கல்யாணமான புதிது. ‘கூ’ என்ற சொல்லையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டோம். ஆளுக்கு ஆள் அர்த்தம் கேட்டுக்கொண்டு நின்றோம். இந்தத் தடவை யாரும் அர்த்தம் கேட்கவில்லை. நேராக பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனார்கள். லவுட்டோகா போட்டோ கடையில் வெள்ளைச் சட்டை ஒன்று ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு உட்காரலாம். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட்டில் ஒரே சட்டைதான்.

கமலாவின் அண்ணன் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்தார். அங்கே குடியேற விண்ணப்பப் பாரங்களை அனுப்பியிருந்தார். தடித்த பழுப்பு உறை. நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கரும்பு வெட்டுகிற கத்தியைப் பிடித்த பிறகு, பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும். தமிழ் எழுத்துகூடக் கோயிலில் பாட்டுப் புத்தகம் பார்த்துப் பிடித்துக்கொண்டதுதான். ஆங்கிலத்தில் கட்டம் கட்டமாக அச்சடித்த காகிதத்தைப் பார்த்தால் மடித்து உறைக்குள்ளேயே திருப்பி வைத்துவிடுவேன்.

கரும்பு லாரி ஓட்டிய நாட்களில் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தேன். முதுகில் மூட்டை சுமந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் லவுட்டோகா பஸ் ஸ்டாண்டில் நின்று மலைக்குள் எப்படிப் போவது என்று கேட்பார்கள். சேற்றில் வண்டி ஓட்ட எனக்குத் தெரியும். அவர்களைக் காசுக்கு ஏற்றிப் போக ஒரு டீசல் ஃபோர்வீல் இருந்தால் போதும் என்று தோன்றியது. பயந்தவனுக்கும் சில சமயம் அசட்டுத் தைரியம் வரும்.

சவேனியில் வரதன் என்று ஒருவர். தண்ணீர்க் குழாய் போடும் காண்ட்ராக்டர். மலையெல்லாம் சுற்றியவர். குடும்பத்தோடு வான்கூவர் கிளம்பிக்கொண்டிருந்தார். முற்றம் முழுக்க வீடு வெளியே வந்து கிடந்தது. பிரிட்ஜ், கட்டில், தையல் மெஷின், ரொட்டி சுடும் தவா. ஜனங்கள் அதையும் இதையும் தூக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். ஒரு அம்மா தலையணையை அமுக்கிப் பார்த்தார். அதற்கெல்லாம் நடுவில் அந்த வெள்ளை வண்டி நின்றது.

கரும்பு லாரிகளுக்கு வேலை பார்க்கும் ரஹீம் பாயைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் பேசுவது எங்கள் ஊர் ஹிந்தி, தமிழில் எழுதுகிறேன்.

“முனி, மொதல்ல போனட்டைத் தொட்டுப் பாரு. சூடா இருந்தா, நாம வர்றதுக்கு முன்னாடியே எழுப்பி உக்கார வெச்சிருக்கான்னு அர்த்தம்.”

தொட்டேன். குளிர்ந்திருந்தது.

“இப்ப ஸ்டார்ட் பண்ணு. கறுப்புப் புகைன்னா சோறு அதிகம். நீலம்னா எண்ணெய் குடிக்குது. வெள்ளை நிக்காம வந்ததுன்னா, துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு நடையைக் கட்டு.”

மஞ்சள் விளக்கு அணையும்வரை சாவியைப் பிடித்திருந்தேன். ஒரே சுற்றில் எழுந்தது. கறுப்பாக ஒரு இருமல், அப்புறம் புகையே இல்லை. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கனமான, அவசரமில்லாத சத்தம்.

ரஹீம் பாய் அதற்கெல்லாம் மயங்கவில்லை. ஸ்க்ரூட்ரைவரோடு அடியில் புகுந்து சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், அப்புறம் ‘தொப்’.

“வரதன்! இங்க மட்டும் புதுசா கறுப்புப் பெயிண்ட் இருக்கே? மிச்சத்துக்கு அடிக்க நேரம் கெடைக்கலையா?”

வரதன் தலையைச் சொறிந்தார். “மீன்காரங்க போட்டைக் கரையில இழுத்து விடுவேன் பாய். உப்புத் தண்ணி.”

“அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“போறவன் எதத்தான் சொன்னான்?” என்றார் வரதன். பிறகு என்னைப் பார்த்து, “இஞ்சின் பொய் சொல்லாது முனிசாமி. சட்டத்துக்குத் தகடு வெச்சுப் பத்த வெச்சிக்கோ. எடுக்கறதுன்னா ஒண்ணு செய்யி. வியாழக்கிழமை எங்களை நாந்தி ஏர்போர்ட்ல எறக்கி விட்டுடு.”

அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வண்டியை வாங்கியவர், விற்றவரை அதே வண்டியில் ஏர்போர்ட்டில் கொண்டு விடுவார். விற்றவரிடம் வேறு வண்டி ஏது? அண்ணன் தம்பிகளெல்லாம் முன்பே போயிருப்பார்கள்.

வியாழக்கிழமை அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். “மூணாவது கியர்ல கொஞ்சம் அழும், பயப்படாத.” “மழையில நாலு சக்கரமும் இழுக்கறதுக்கு முன்சக்கரத்து லாக்கைக் கீழ எறங்கி ஒன் கையாலயே திருப்பு.” ஏர்போர்ட்டில் இறங்கியதும் மட்கார்டில் இரண்டு தட்டுத் தட்டினார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கமலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“வண்டி வந்து நின்னப்புறம் சொல்றீங்களா?”

“இஞ்சின் நல்லா இருக்கு கமலா.”

“நான் இஞ்சினப் பத்தியா கேட்டேன்?”

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். அடுத்த கரும்பு சீசன் முடியும்வரை வண்டிக்குக் காலம். அதற்குள் காலூன்றாவிட்டால் பாரம் போகும். எங்கள் மகள் லதா ஆங்கிலத்தில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பினாள். நானும் கமலாவும் கையெழுத்துப் போட்டோம். கமலா அந்த உறையைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பை அவள் போகும் இடமெல்லாம் போனது.

ரசம் வைத்த ரேடியேட்டர்

பழைய டீசல் வண்டி வாங்கியவர்களுக்குத் தெரியும். வாங்குவது ஒரு நாள் வேலை. அதற்கப்புறம் அது நம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும்.

காலையில் காப்பி குடிப்பதற்கு முன் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, அடங்கியிருக்கும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் பிடிப்பேன். எங்கள் பக்கம் டீசல் டிரம்மில் வரும்; மழைக்காலத்தில் தண்ணீரும் சேர்ந்து வரும். தண்ணீர் பம்ப்புக்குள் போய்விட்டால் எல்லாம் போச்சு. கிண்ணத்தின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர், மேலே தேன் நிறத்தில் டீசல். விரலை விட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். மத்தியானம் இன்னொரு தடவை பார்ப்பேன். வண்டி எங்கேயும் போயிருக்காது. இருந்தாலும் பார்ப்பேன்.

காற்று ஃபில்டரைக் கழற்றி மாமரத்தில் தட்டுவேன். செம்மண் பொடி கொட்டும். மாமரத்தின் அந்தப் பக்கம் மட்டும் பட்டை சிவந்து போனது. கிரீஸ் வைக்கும் இடங்கள் ஒவ்வொன்றுக்கும் என் முட்டியின் தோலைக் கொஞ்சம் கொடுத்திருக்கிறேன். அந்தச் சட்டத்துக்குத் தகடு வைத்துப் பற்றவைத்த இடத்தை வாரத்துக்கு ஒரு முறை சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்பேன்.

வண்டியோடு ஒரு புத்தகம் வந்தது. முழுக்க ஜப்பான் எழுத்து. அதில் எனக்கு ஒரு சந்தோஷம். வாழ்க்கையில் முதல் தடவையாக, படித்தவனுக்கும் எனக்கும் ஒரு புத்தகம் ஒரே மாதிரி புரியாமல் இருந்தது. நானும் ரஹீம் பாயும் படங்களைப் பார்த்தே கியர்பெட்டியைப் பிரித்து மாட்டினோம். ஒரு சின்ன வாஷர் மிஞ்சியது. அதை ஒரு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன்.

ஒரு நாள் ரேடியேட்டரில் ஊசி முனை அளவு ஓட்டை. மஞ்சள் தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று கோயிலில் ஒருவர் சொன்னார். அடுப்படிக்குப் போய் இருட்டில் டப்பாவைத் தடவி எடுத்து ஒரு கை கொட்டினேன். அடைத்துக்கொண்டது. மறுநாள் ரஹீம் பாய் மூடியைத் திறந்தார். ஆவி வந்தது. அவர் கண்ணை மூடி மோந்து பார்த்தார்.

“முனி, பூண்டு போடலையா?”

நான் போட்டது மஞ்சளில்லை, ரசப்பொடி. கமலாவுக்கு அன்றைக்கு என்மேல் கோபம். ரசப்பொடிக்காக இல்லை. “வீட்ல இருக்கறதெல்லாம் ஒவ்வொண்ணா அதோட வாய்ல போவுது,” என்று மட்டும் மாமரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

சொன்னது சரிதான். நான் வீட்டில் இருந்தேன், ஆனால் காது வண்டியில் இருந்தது. லதா பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னால், பாதியில் எழுந்து போய் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பேன்.

எல்லாவற்றையும் ஒளிப்பவன்

கரும்பு சீசன் தொடங்கிய சமயம் வண்டி ஒருவழியாக மலைக்குத் தயாரானது. முதலில் அந்த ஊரில் அனுமதி கேட்க வேண்டும். தனியாகப் போகப் பயம். கமலாவைக் கூப்பிட்டேன்.

“குடும்பத்தோட போனா மரியாதையா இருக்கும்,” என்றேன்.

“பயமா இருக்குன்னு சொல்லுங்க, வர்றேன்.”

“பயமாத்தான் இருக்கு.”

வந்தாள்.

அப்போது ரோட்டில் அங்கங்கே சிப்பாய்கள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். பெரும்பாலும் சிரித்த முகமான பிள்ளைகள்தான். ஆனால் எனக்கு எதுவும் கண்ணில் படக்கூடாது. மேலே கட்டியிருந்த டீசல் கேனை இறக்கிப் பின்சீட்டுக்கு அடியில் தள்ளினேன். எங்காவது டீசல் கிடைக்காமல் போய்விட்டால்? அதனால் இன்னொரு கேன். வேர்க்கட்டை யாராவது கேட்டால் இல்லையென்று சொல்ல முடியாது. அதையும் சீட்டுக்கு அடியில், கேன்களுக்கு நடுவில்.

“அத மடியில வெச்சிக்கணும்ங்க. மரியாதையான பொருளு. கீழ போடக்கூடாது,” என்றாள் கமலா.

“வெயில் படும். தூசி படும்.”

“நான் முந்தானையில மூடிக்கிறேன்.”

“யாராவது பாத்தா?”

அவள் பெருமூச்சு விட்டாள். “என் பையையும் ஒளிச்சிடுங்க. அது மட்டும் ஏன் வெளிய?” என்று கிண்டலாகத்தான் நீட்டினாள். நான் அதையும் வாங்கிச் சீட்டுக்கு அடியில் சொருகினேன்.

பா ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ரோடு கல்லும் பள்ளமுமானது. முன்சக்கரத்து லாக்கைத் திருப்ப இறங்கினேன். சரியாகத் திருப்பினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி இறங்கினேன். மூன்றாவது தடவை கமலாவே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, “திரும்பியிருக்கு. ஏறுங்க,” என்றாள். இரண்டு பக்கமும் மஞ்சள் புல். எங்கோ கரும்பு எரியும் வாசனை. வண்டி குலுங்கிக் குலுங்கி ஏறியது.

அந்த இரண்டாவது கேனின் மூடியில் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. ஃபில்டரை ஒரு நாளைக்கு இரண்டு தடவை பார்த்தவன், அந்த மூடியை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

கைதட்டல்

அப்படித்தான் அந்தக் கட்டு சேமியின் கைக்குப் போனது.

அவர் மூக்கு சுருங்கியதைப் பார்த்தேன் இல்லையா? அதற்கப்புறம் எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. பாதிச் சாயங்காலம் போன மாதிரி இருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை என்று கமலா பிறகு சொன்னாள்.

சேமி கட்டைப் பெரியவர் பக்கம் காட்டினார். பெரியவர் கண்ணை இலேசாக மூடித் திறந்தார். சேமி அவர்கள் பேச்சில், தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். எங்கள் ஊர்ப் பெயர் வந்தது. என் பெயர் வந்தது. எதையும் குறைக்கவில்லை, எதையும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அந்த அறையில் இருந்த ஆண்கள் எல்லாரும் உள்ளங்கையைக் குழித்து ஆழமாகக் கை தட்டினார்கள்.

அவ்வளவுதான். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

என் கட்டை ஒருவர் தனியாக எடுத்துப்போய் ஜன்னலோரம் வைத்தார். இன்னொருவர் உள்ளே போய் அவர்களுடைய வேரைக் கொண்டுவந்தார். அதைத்தான் இடித்துக் கரைத்தார்கள். கொட்டாங்கச்சி என்னிடம் வந்தது. குடித்தேன். நாக்கு மரத்தது. ஏற்கெனவே கால் மரத்திருந்தது.

வெளியே வந்ததும் சேமி என் தோளில் கை போட்டார். நல்ல சுத்தமான ஹிந்தியில், எங்களைவிடச் சுத்தமாக, சொன்னார்:

“அண்ணே, நீ வண்டிக்கு ஊத்தறத எங்களுக்குக் குடுத்துட்டியே. அப்ப வண்டிக்கு என்னத்த குடுத்த? யங்கோனாவா? அதான் வர்ற வழியெல்லாம் அது தள்ளாடிக்கிட்டே வந்துச்சா?”

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் கேட்டேன்.

“விடு. வெச்சாச்சு, எடுத்தாச்சு. வேர் எப்படி இருக்குன்னு மோந்து பாக்கறதுக்கு நாங்க என்ன மார்க்கெட்டா?” என்றார். “ஆள் வந்திருக்கானா, அதான் கணக்கு. பசங்களக் கூட்டிக்கிட்டு வா. ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம். மழை நாள்ல வண்டிய ஆத்துக்கு இந்தப் பக்கமே விட்டுட்டு நடந்து வா.”

கமலா சிரித்தாள். நிலம் போன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்த ஊர்ப் பெண்கள் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மரவள்ளிக்கிழங்கும் கீரையும் கொடுத்து, திரும்பும்போது ஒரு கூடை எலுமிச்சையும் கொடுத்து அனுப்பினார்கள்.

இறக்கத்தில் அவள் பையைத் திறந்தாள். உறையில் பாதி டீசல் குடித்திருந்தது. பாரங்களின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. லதா எழுதிய எழுத்தில் சிலது கலங்கியிருந்தது. அவள் மறுபடியும் சிரித்தாள்.

“இதுவுமா? இத இனிமே யாரு வாங்குவான்?”

காகிதங்களை டாஷ்போர்டில் வெயிலுக்குப் பரப்பி, பறக்காமல் மேலே எலுமிச்சைகளை வைத்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“போவலன்னாலும் பரவால்லைங்க.”

நான் மூன்றாவது கியரில் அழுகை கொஞ்சம் கூடியிருக்கிறதோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சுற்றி வரும் ரோடு

அந்த சீசன் முழுக்க ஓட்டினேன். மூட்டை சுமந்த பிள்ளைகள் வந்தார்கள். சேமி ஒவ்வொரு தடவையும் வேர்க்கட்டை வாங்கியதும் மூக்கருகே கொண்டுபோய், என் கையிலிருந்து ஒட்டிய டீசல் வாசனை போதாதென்று ஏமாந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். அறையே சிரிக்கும். கமலா பாதி நாள் கூட வந்தாள். அவளுக்கு அங்கே சிநேகிதிகள் கிடைத்திருந்தார்கள். பாரங்களுக்கு முகப்பவுடர் தூவி, பழைய துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டு, அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிட்டாள். பையில் இப்போது எலுமிச்சை விதையும் பாய் நெய்யும் இலையும்தான் இருந்தன.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் போனது. வண்டியும் நானும் மட்டும் தேய்ந்துகொண்டிருந்தோம். ஒரு மாதம் ஸ்பிரிங் பட்டை உடைந்தது. ஒரு மாதம் ஹெட் காஸ்கெட். ஒவ்வொன்றையும் சரி செய்ததும் அடுத்தது என்ன என்று காத்திருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன்.

சீசன் முடிய இரண்டு வாரம் இருக்கும். ஒரு மத்தியானம், சுவாவில் மறுபடியும் ஏதோ நடக்கிறதாம் என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். கடைக்காரர்கள் பாதிக் கதவை இழுத்தார்கள். நான் உடனே செய்த முதல் காரியம், பெட்ரோல் பங்குக்குப் போய் டேங்கை நிரப்பியது. இரண்டு கேனையும் நிரப்பினேன். வீட்டுக்கு வந்தேன். கமலாவையும் லதாவையும் வண்டியில் ஏறச் சொன்னேன். ஏறினார்கள். சாவியைத் திருப்பினேன். இஞ்சின் ஒரே சுற்றில் எழுந்தது.

“எங்கப்பா போறோம்?” என்றாள் லதா.

எங்கே? இடது பக்கம் திரும்பினால் பா, ரக்கிரக்கி, அந்த வழியாக சுவா. வலது பக்கம் திரும்பினால் நாந்தி, சிங்கடோகா, இந்த வழியாக அதே சுவா. ஒரு தீவு. ரோடு அதைச் சுற்றி வந்து நம் வாசலிலேயே முடிகிறது. எந்தச் சேற்றிலும் ஏறுகிற வண்டி, நிறைந்த டேங்க், நாலு சக்கரத்துக்கும் இழுவை. போவதற்கு இடம் இல்லை.

“மலைக்குப் போலாம்,” என்றாள் கமலா. “சேமி வீட்ல இருப்போம்.”

அவள் பயப்படாமல் சொன்னாள். எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் குத்துகிறது. இஞ்சினை அணைத்தேன். சாயங்காலம் தெரிந்தது, எல்லாம் வெறும் வதந்தி. கடைக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். எனக்குத்தான் ஏதோ ஒன்று மூடியபடியே நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து பாரங்களை எடுத்துப் புது உறையில் போட்டேன். லவுட்டோகா போஸ்ட் ஆபீஸில் வாங்கியவள் உறையை மோந்து பார்த்துவிட்டு என் கையைப் பார்த்தாள். ஸ்டாம்பைக் குத்தி உள்ளே போட்டாள்.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். அவள் எலுமிச்சைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

“வண்டி வாங்கும்போதும் என்னக் கேக்கல. இப்பவும் கேக்கல.”

அந்தச் சொல்லோடு நான் இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

விடை கேட்டது

டீசல் கறையோடு போன பாரத்தை அங்கேயும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த சீசன் முடிவதற்குள் பதில் வந்தது. வண்டியை ஒரு வாத்தியார் வாங்கினார். அவர் போனட்டைத் தொட்டுப் பார்த்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன். பற்றவைத்த இடத்தை நானே அடியில் புகுந்து காட்டினேன். வழக்கப்படி, வியாழக்கிழமை எங்களை நாந்தியில் இறக்கி விடுவதாகச் சொன்னார்.

மலைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. வந்தபோது வேர் வைத்து அனுமதி கேட்ட மாதிரி, ஊரை விட்டுப் போகும்போதும் வேர் வைத்து விடை கேட்க வேண்டும். சொல்லாமல் போகக்கூடாது.

வாடகை வண்டி ஒன்றில் போனோம். இந்தத் தடவை வேர்க்கட்டைக் கமலா மடியில் வைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். வழி முழுக்க அதன் மேல் கையை எடுக்கவில்லை.

அதே பாய். அதே சிவப்புக் குஞ்சம். கட்டை நடுவில் வைத்தேன். விடை கேட்கும் வார்த்தைகளை அவர்கள் பேச்சில் மனப்பாடம் செய்து வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் சேமி கட்டை எடுத்துவிட்டார். சிரித்துக்கொண்டே, எப்போதும்போல மூக்கருகே கொண்டுபோனார். அறையில் இருந்தவர்கள் சிரிக்கத் தயாரானார்கள்.

அவர் கை அப்படியே நின்றது. கட்டைத் திருப்பி இன்னொரு பக்கம் மோந்தார். வாசல் பக்கம் பார்த்தார். வெளியே நின்ற வாடகை வண்டியைப் பார்த்தார். அப்புறம் என் கையை. வண்டி வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அது சுத்தமாக இருந்தது.

“இதுல துளிகூட டீசல் வாசன இல்லையே முனி,” என்றார். “வண்டிய வித்துட்டியா?”

பின்னாலிருந்து கமலாதான் சொன்னாள்.

“வித்துட்டாரு.”

சேமி கட்டைப் பாயில் மெல்லக் கீழே வைத்தார். பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கட்டைப் பார்த்தார். வெளியே வாடகை வண்டிக்காரர் இஞ்சினை ஒரு தடவை முறுக்கினார், பிறகு அணைத்தார்.

டீசலில் ஊறிய வேரை ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டவர்களுக்கு, இந்தச் சுத்தமான வேரை எடுத்துக் கை தட்ட வெகுநேரம் ஆனது.